வரப்பில் கேட்கும் கேள்வியைத்தான் ஆசிரியரும் கேட்கிறார்



நான் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன் இல்லை. ஊர் ஊராகப் போவேன், வேளாண்மை பற்றி எழுதுவேன். எந்தப் பத்திரிகை எடுத்துக்கொள்கிறதோ அதில் வரும். கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் தருவார்கள். ஃப்ரீலான்ஸ் என்று சொல்வது இதைத்தான். நம்ம பேச்சில் சொன்னால் அன்றாடக் கூலி. வேலை கிடைத்த நாளைக்குக் கூலி உண்டு, கிடைக்காத நாளைக்கு இல்லை.

இந்த வேலையில் எழுத உட்காருவதற்கு முன்னாலேயே இன்னொரு வேலை இருக்கிறது. என்ன எழுதப்போகிறோம் என்பதை ஆசிரியருக்குச் சொல்லி, அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு மின்னஞ்சல். 'பிட்ச்' என்பார்கள். ஆசிரியர்களுக்கு இப்படித் தினமும் நிறைய வந்து குவியும். அவர் நம் மின்னஞ்சலைப் படிக்கிற நேரம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இருக்காது. உங்கள் வயல் பத்திரிகைக்குள் போவதும் போகாததும் அந்த ஒரு பக்கத்தில்தான் முடிவாகிறது. அதனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது, உங்களுக்கும் தெரியணும். ஏன்னா, அந்தப் பக்கத்தை நிரப்புகிற சரக்கு உங்க கையிலதான் இருக்கு.

'இலங்கையில பாத்தோமே சார்?'

இயற்கை வேளாண்மை பற்றி எந்த ஆசிரியரிடம் பேசினாலும் சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பதில் தப்பில்லை. என்ன நடந்தது என்று நாமும் நேராகப் பார்த்துவிடுவோம்.

2019 தேர்தலின்போது கோத்தபய ராஜபக்ச, 10 ஆண்டுகளில் இலங்கை வேளாண்மையை இயற்கை வழிக்கு மாற்றுவோம் என்று வாக்குறுதி கொடுத்தார். ஆனால் 2021 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது, மே மாதத்தில் இரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்குத் தடையே வந்துவிட்டது. பத்தாண்டு வேலையை ஒரே பருவத்தில் முடிக்கப் பார்த்தார்கள். உழவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, தேவையான அளவுக்கு மட்கு உரமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

"அவங்க அவசரப்பட்டுட்டாங்க" என்று நாம் நமக்குள் பேசிக்கொள்ளலாம். ஆசிரியருக்கு அந்தப் பதில் போதாது. "சரி, அவசரப்படாம செஞ்ச இடம் எது? அங்க என்ன ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஊர் வேண்டும், ஒரு காலவரிசை வேண்டும், எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் வேண்டும்.

அப்படி ஒரு ஊர் புனுகுலா. பழைய கம்மம் மாவட்டம், இன்றைய தெலங்கானா. பருத்திச் சாகுபடி. பூச்சிமருந்துக் கடைக்காரரே கடனும் கொடுப்பார், விளைந்த பருத்தியையும் அவரே எடுத்துக்கொள்வார். மருந்து அடிக்க அடிக்கப் பூச்சியும் பெருகியது, கடனும் பெருகியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு சில உழவர்கள் மட்டும் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். கோடை உழவு, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பறவை உட்காரக் குச்சி, ஓரத்தில் ஆமணக்கும் சாமந்தியும், வேப்பங்கொட்டைக் கரைசல், மிளகாய்–பூண்டுக் கரைசல். இதில் எதுவும் நமக்குப் புதுசு இல்லை. ஒரு பருவம் பார்த்துவிட்டுப் பக்கத்து வயல்காரர் வந்தார். மகளிர் குழுக்கள் பிடித்துக்கொண்டன. சில ஆண்டுகளில் ஊரே பூச்சிக்கொல்லியை விட்டது. பின்னால் ஆந்திர அரசு, மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகள் வழியாகவே இந்த முறையை ஆயிரக்கணக்கான ஊர்களுக்குக் கொண்டுபோனது.

இதில் இரண்டு விவரத்தைக் கவனியுங்கள். ஒன்று, புனுகுலா முதலில் விட்டது பூச்சிக்கொல்லியை மட்டும்தான். உரத்தை ஒரே நாளில் நிறுத்தவில்லை. அடுத்தது, பரவியது அரசு ஆணையால் அல்ல. பக்கத்து வயலைப் பார்த்தும் மகளிர் குழுவில் பேசியும் பரவியது. இலங்கையில் இல்லாமல் போனது இந்த இரண்டும்தான். இப்படி எழுதி அனுப்பினால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அதோடு நிறுத்தினாலும் கதை முழுசாகாது. 2018-இல் ஆந்திர அரசு, 2024-க்குள் 60 லட்சம் உழவர்களையும் இயற்கை வேளாண்மைக்குக் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. அந்த ஆண்டுக்குள் அந்த இலக்கை எட்ட முடியவில்லை. இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு ஊரில் நடந்தது ஒரு மாநிலத்துக்கே அதே வேகத்தில் நடக்காது என்பதும் உழவருக்குப் பயன்படுகிற செய்திதான்.

நான்கு கேள்வி

இப்படி எழுதுவதை உலக அளவில் 'தீர்வு இதழியல்' என்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் பார்ன்ஸ்டீன், டீனா ரோசன்பெர்க் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 2010 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதற்கென்றே ஒரு பத்தி எழுதினார்கள். 2013-இல் கோர்ட்னி மார்ட்டினும் சேர்ந்து, மற்ற பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க 'சொல்யூஷன்ஸ் ஜர்னலிசம் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தீர்வைப் பற்றிய கட்டுரை என்றால் நான்கு விசயம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். பிரச்சினைக்கு என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பது முதலாவது. அது பலன் தந்ததற்கு என்ன ஆதாரம் என்பது இரண்டாவது. மற்றவர் எடுத்துக்கொள்ளும்படியான பாடம் என்ன என்பது மூன்றாவது. எங்கே எடுபடவில்லை என்பது நான்காவது.

பெரிய பெயராக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். பக்கத்து வயலில் பயிர் நன்றாக நின்றால் நாம் வரப்பில் நின்று என்ன கேட்போம்? "என்னய்யா போட்ட? எத்தனை மூட்டை கண்டுமுதல்? என் மண்ணுக்கு ஒத்து வருமா? இதுல ஏதாவது வில்லங்கம் இருக்கா?" அதே நான்கு கேள்விதான். சொல்லப்போனால் நாம் இன்னும் கறாராகக் கேட்போம், ஏன்னா போடப்போறது நம்ம காசு.

நம் மாவட்டத்து எடுத்துக்காட்டே ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பி. சாய்நாத், டைம்ஸ் ஆஃப் இந்தியா கொடுத்த நல்கையை வைத்துக்கொண்டு நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் சுற்றினார். வறுமையைத்தான் பெரும்பாலும் எழுதினார். ஆனால் புதுக்கோட்டைக்கு வந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதையும் எழுதினார். 'பெண்கள் எழுச்சி' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகவில்லை. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்யப்பட்டது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளைங்க சைக்கிளையே ஓட்டினார்கள், பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் விளைபொருளை ஊர் ஊராக விற்க முடிந்தது என்று விவரமாக எழுதினார். அதனால்தான் இவ்வளவு காலம் கழித்தும் அந்தக் கட்டுரை பேசப்படுகிறது. அவர் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி தளத்தில் ஊர்ப்புறத்துக் கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன.

ஒரே விசயம், இரண்டு மின்னஞ்சல்

இயற்கை வேளாண்மையில் இருக்கிற இளைஞர்கள் பலர் இப்போது எழுதவும் ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக ஒரு எடுத்துக்காட்டு. நெல் ஜெயராமன் அண்ணனையும் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவையும் நமக்கெல்லாம் தெரியும். அதைப் பற்றி எழுதக் கேட்டு ஆசிரியருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"ஐயா, பாரம்பரிய நெல்லைக் காக்கத் தன் வாழ்க்கையையே கொடுத்த மாமனிதர் நெல் ஜெயராமன் பற்றி ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். வாய்ப்புத் தருமாறு வேண்டுகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆசிரியர் எடுக்க மாட்டார். ஏற்கெனவே பலபேர் எழுதியது, புதுசாக என்ன என்று தெரியவில்லை. இப்போது இன்னொன்று:

"ஐயா, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் ஆதிரெங்கம் நெல் திருவிழா வழியாக உழவர் கைக்குத் திரும்பின. அங்கே விதைக்கு விலை இல்லை. 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்த பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது? வாங்கியவர்கள் திருப்பித் தருகிறார்களா? எந்த ரகங்கள் வயலில் நிலைத்தன, எவை விதைப் பானையோடு நின்றுவிட்டன, ஏன்? விதை வாங்கிச் சென்றவர்களில் தொடர்ந்து பயிரிடுபவர், விட்டுவிட்டவர் இரு தரப்பையும் பார்த்து எழுத விரும்புகிறேன். சம்பா விதைப்புக்கு முன் வந்தால் உழவர்களுக்குப் பயன்படும். 1,200 சொல். படங்கள் நானே எடுப்பேன். இரண்டு முறை போய்வர ஆகும் செலவு இவ்வளவு."

இரண்டாவதில் அந்த மனிதரின் பெருமை குறைந்துவிட்டதா? கூடித்தான் இருக்கிறது. ஒருத்தர் போன பிறகும் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் செய்த வேலைக்குக் கொடுக்கிற மரியாதை. ஆசிரியருக்கு வேண்டியதும் இதில் எல்லாம் இருக்கிறது. என்ன, எப்படி, ஏன் இப்போது, யாரைப் பார்ப்பேன், எவ்வளவு நீளம், என்ன செலவு.

இன்னும் சில நடைமுறை. முதல் இரண்டு வரியிலேயே விசயம் வந்துவிட வேண்டும். அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டி, அதே விசயம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் நாலு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பி ஒரு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். அப்புறமும் இல்லையென்றால் சொல்லிவிட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். பணம் எவ்வளவு, எப்போது, கட்டுரையை வாங்கிக்கொண்டு போடாமல் விட்டால் என்ன தருவார்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கூலி பேசாமல் களத்தில் இறங்குகிற வழக்கம் நம்மிடம் இல்லையே.

மூன்று போலி

நல்ல நெல்லோடு பதரும் வரும். தீர்வுக் கட்டுரை என்ற பெயரில் வருகிற பதரை மேலே சொன்ன அமைப்பே வகை பிரித்து வைத்திருக்கிறது. அதில் நம் பக்கம் அதிகம் விளைவது மூன்று.

முதலாவது நாயகன் கதை. வேலையை விட்டார், ஊருக்கு வந்தார், சாதித்தார். அந்த ஆளைப் பற்றித் தெரியும், வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிலம் யாருடையது, முதல் மூன்று ஆண்டு குடும்பம் எதில் ஓடியது என்று ஒரு வரிகூட இருக்காது.

இரண்டாவது சர்வரோக நிவாரணி. ஒரு கரைசல், ஒரு கருவி, ஒரு ரகம், அதிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்கிற கதை. எந்தக் கரைசலும் மேல்மண் போன நிலத்தில் ஒரே பருவத்தில் வேலை காட்டாது என்பது நமக்குத் தெரியும்.

மூன்றாவது வேண்டியவருக்கு உதவி. இடுபொருள் விற்கிறவரே வண்டி வைத்துக் கூட்டிப்போவார், சாப்பாடு போடுவார், தன் வாடிக்கையாளரின் வயலையே காட்டுவார். விளம்பரம் கட்டுரையாக வந்துவிடும். இயக்கத்துக்காரர்கள் நாமும் இதில் கவனமாக இருக்கணும். நம் ஆள் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் எழுதினால், அதுவும் இந்த வகையில்தான் சேரும்.

இதெல்லாம் ஏன் வருகிறது? எழுதுகிறவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்பதால் அல்ல. என் போன்றவர்களுக்குக் கட்டுரைக்குத்தான் பணம், பயணத்துக்குப் பெரும்பாலும் இல்லை. மூன்று முறை ஒரு ஊருக்குப் போனால் வந்த பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். அதனால் ஒரே தடவை, அதுவும் கதிர் சாய்ந்து நிற்கிற நாளாகப் பார்த்து வருகிறோம். படமும் நன்றாக வரும். நாற்று அழுகிய நாளையும், களை மண்டிய மாதத்தையும், அரிசி விற்காமல் மூட்டையில் வண்டு பிடித்ததையும் யாரும் பார்ப்பதில்லை.

தலைப்பில் ஒரு லட்சம், வயலில் எவ்வளவு?

இதில் யாருக்கு நட்டம்? படித்துவிட்டு இறங்குகிற பிள்ளைக்கு. சேமிப்பைப் போட்டு, சில சமயம் வீட்டு நகையை வைத்து, குத்தகைக்கு நிலம் பிடித்து இறங்குகிறார்கள். இரண்டு பருவத்தில் கை சுட்டுக்கொண்டு திரும்பிப்போனால், இயற்கை வேளாண்மை பொய் என்று அவர்களே ஊருக்குச் சொல்வார்கள். அப்படி ஒருவர் சொல்வதை மறுக்கப் பத்துக் கட்டுரை போதாது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 15 கண்டுமுதல். 900 கிலோ நெல். நூற்றுக்கு 60 வீதம் அரிசி விழுந்தால் 540 கிலோ. கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் 54,000 ரூபாய். தலைப்பில் வருவது இந்த எண். அதே நெல்லை நெல்லாகவே கிலோ 30 ரூபாய்க்குப் போட்டிருந்தால் 27,000. ஆக, பாதிப் பணம் வயலில் வந்ததில்லை. அரைத்து, சலித்து, பையில் போட்டு, ஆள் பிடித்து விற்றதில் வந்தது. அந்தச் செலவும் உழைப்பும் தனி. வாங்கும் ஆள் இல்லாதவருக்கு அந்தப் பாதி கிடையாது.

இதற்கு மேல் உழவு, நடவு, களை, அறுப்பு கழிய வேண்டும். வீட்டு ஆள் இறங்கி வேலை செய்ததற்குக் கூலி போட்டார்களா? மாடு சொந்தமா, சாணம் விலைக்கா? நிலம் சொந்தமா, குத்தகையா? இதைக் கேட்காமல் எழுதிய எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்து யாரும் சாகுபடி செய்ய முடியாது. நல்ல ஆசிரியரும் இதைத்தான் கேட்கிறார்: "இது மொத்த வரவா, கையில நின்னதா?"

உங்கள் பங்கு

ஆதாரம் இல்லாமல் ஆசிரியரிடம் போக முடியாது. ஆதாரம் எங்கே இருக்கிறது என்றால் உங்கள் வீட்டு நோட்டில்தான். ஆய்வு நிலையம் வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இதைக் குறித்து வையுங்கள்:

– விதைத்த நாள், நட்ட நாள், அறுத்த நாள், ரகம், எத்தனை மா நிலம்.
– ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள், என்ன கூலி. வீட்டு ஆளையும் ஆளாகவே எழுதுங்கள்.
– போட்ட இடுபொருள், அளவு, வாங்கியதா செய்ததா.
– மழை பெய்த நாள், தண்ணீர் விட்ட நாள், பூச்சி வந்த நாள்.
– கண்டுமுதல் எத்தனை மூட்டை, ஒரு மூட்டை எத்தனை கிலோ. வீட்டுக்கு வைத்தது, விதைக்கு வைத்தது, விற்றது.
– என்ன விலை, யாருக்கு, எத்தனை மாதத்தில் விற்று முடிந்தது.
– எது சரியாக வரவில்லை.

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் கட்டாயம் எழுதச் சொல்கிறேன். களிமண்ணில் வந்தது மணல் சாரியில் வரவில்லை, உயரமான ரகம் காற்றில் சாய்ந்துவிட்டது, ஐந்து மாதப் பயிருக்குக் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை. இதைச் சொன்னால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்று பலர் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. குறையையும் சேர்த்துச் சொல்கிற உழவரின் நிறையை ஆசிரியர் நம்புகிறார், வாசகரும் நம்புகிறார். சொட்டை சொல்லாமல் மாடு விற்கிறவரிடம் நாமே வாங்க மாட்டோமே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தீர்வை எழுதுவது என்றால் பிரச்சினையை மூடி வைப்பது என்று அர்த்தமில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் நனைவதையும், வாய்க்கால் தூர்வாராததையும் யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் வாசகர் தினமும் அதை மட்டுமே படித்தால், ஒன்றும் செய்ய முடியாது என்று கையைக் கட்டிக்கொள்வார். எங்கோ ஒரு ஊரில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள் என்று கணக்கோடு படித்தால், "அவங்க செஞ்சாங்கள்ல, நீங்க ஏன் செய்யல?" என்று அதிகாரியிடமும் கேட்கலாம். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வகைக் கட்டுரை.

அடுத்த முறை யாராவது கேமராவோடு உங்கள் வயலுக்கு வந்தால் தண்ணீர் கொடுங்கள், வயலைச் சுற்றிக் காட்டுங்கள், நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள். உங்களைப் பார்த்து ஆரம்பித்து விட்டுவிட்ட பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அவர் வீட்டுக்கும் வழி சொல்லுங்கள். கடைசியாக, அறுவடைக்கு வந்தவரை அடுத்த நடவுக்கும் ஒரு நடை வரச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.